ஒன்றரை ஆள் நாற்காலி

நான்கே கட்டடம் கட்டிய ஒரு கட்டடக் கலைஞருக்கு எங்கள் அருங்காட்சியகம் ஐந்து அறைகளை ஒதுக்கியது. அந்த நான்கில் ஒன்று கோழிக்கூடு. இன்னொன்றை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஆகவே கட்டடங்களை விட்டுவிட்டு, அவர் கட்டடத்துக்கு வெளியே யோசித்தவற்றை மட்டும் கண்காட்சியில் வைப்போம் என்று மேலாளர் முடிவு செய்தார். வேறு வழியும் இல்லை என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த அம்மையாருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. எங்கள் சிங்கப்பூரிலேயே ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டால் "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவார். அவர் வாழ்நாளில் வரைந்தவற்றைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் சண்டை போடாமல் துணி உலர்த்த ஒரு கொடி. பிள்ளைகள் திருட்டுத்தனமாகத் திறந்தால் சத்தம் போடும் சட்டி மூடி. முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்காமல், எதிரே நிற்பவரின் முகத்தையும் பார்க்கும்படி வளைந்து வளைந்து போகும் ஒரு மருத்துவமனை வரிசை.

நான்காவது அறைக்கு ஒரே ஒரு பொருள். ஒரு நாற்காலி. அது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. முப்பது வருடங்களுக்கு முன்னால் பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சின்ன மருத்துவமனை கட்டுவதற்காக அம்மையார் அங்கே போனார். அனுமதிக்காக இரண்டு வருடம் காத்திருந்தார். மருத்துவமனை வரவில்லை. காத்திருப்பதைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகமும், பாலக்கோட்டுத் தச்சர் ஒருவரைக் கொண்டு செய்த அந்த நாற்காலியும்தான் மிச்சம்.

நாற்காலியின் அகலம் ஒன்றரை ஆளுக்கு. ஒருவர் தாராளமாக உட்காரலாம். இருவர் உட்கார முடியாது. மீதி அரை இடம் எதற்கு என்பதுதான் நான்காவது அறையின் விஷயமே. மேலாளர் சுவரில் இரண்டு பத்தி எழுதியிருந்தார். அந்த அரை இடம் ஓர் அந்நியர் இன்னோர் அந்நியரிடம் 'கொஞ்சம் நகருங்கள்' என்று கேட்பதற்கான அழைப்பு, நகரம் என்பதே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்று. தமிழில் அதை மொழிபெயர்த்தவன் நான். எனக்கு முழுதாகப் புரியவில்லை, ஆனால் படிக்க நன்றாக இருந்தது.

இரவல் பொருள்களைப் போய் எடுத்து வருவதும், ஆறு மாதம் கழித்துக் கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. "நாற்காலி வரட்டும், உன் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோம்" என்றார் மேலாளர். வராவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. ஐந்து நாள் கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஐந்து நாளைப் பற்றி எழுத இப்போது எனக்கு வேண்டிய மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது.

முதல் நாள் பெங்களூரில் இறங்கித் தர்மபுரி பேருந்தைப் பிடிப்பதிலேயே கழிந்தது. எங்கள் ஊர் உணவங்காடியில் மேசை பிடிக்க ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவோம். திரும்பி வரும்வரை ஒருவரும் அந்த மேசையைத் தொடமாட்டார்கள். இங்கே பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு, குடை, ஒரு செருப்பு, கடைசியில் ஒரு குழந்தை என்று உள்ளே போயின. நான் படியேறியபோது எல்லா இருக்கைகளும் யாரோ ஒருவருடைய துணிக்குச் சொந்தமாகியிருந்தன.

எப்படியோ கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முன்வரிசையில் இரண்டு பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் பேசிச் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த சர்க்கரை ஆலை ஊழியர் ஒருவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல் மொழிபெயர்த்தார்: அவன் பைக்குக் கால் வலிக்கிறது போல, பாவம், உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறான். பையை மடியில் வைத்தேன். அவர் உட்கார்ந்தார். அம்மையார் இந்தப் பேருந்தில் எத்தனை முறை போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் டயர் வெடித்தது. ஓட்டுநர் ஒருவரே டயரைக் கழற்ற, அவருக்கு யோசனை சொல்ல முப்பது பேர் கீழே இறங்கினார்கள். யோசனை சொல்லாமல் நின்ற ஒரே ஆள் நான். அதனால் என்னிடம்தான் ஸ்பேனரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் காலையில் தர்மபுரியில் ஒரு மரக்கடைக்குப் போய், அம்மையாரின் வரைபடத்தில் இருந்த அளவைக் கொடுத்துப் பெட்டி செய்யச் சொன்னேன். திருகாணி போட்டு மூடும் பெட்டி. உள்ளே கெட்டியான வெள்ளை நுரைப் பஞ்சு, அதில் நாற்காலியின் வடிவத்துக்குக் குழி. நாற்காலி அந்தக் குழிக்குள் படுத்துக்கொண்டு கடல் தாண்டவேண்டும்.

"உள்ள என்னாங்க போவுது? சாமி செலையா?" என்றார் கடைக்காரர்.

"நாற்காலி."

"நாற்காலிக்கா இம்மாம் பெரிய பொட்டி? அதுக்கு நாலு நாற்காலி புதுசாவே செஞ்சு தரேனுங்க. எடுத்துக்கிட்டு போங்க."

பழையதுதான் வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாளை மறுநாள் காலை குட்டியானையில் ஏற்றி ஊருக்கே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். குட்டியானை என்பது அங்கே சிறு சரக்கு வண்டியின் செல்லப் பெயர். அது தெரியாமல் நான் ஒரு நிமிடம் யானையையே நினைத்துக்கொண்டேன்.

பாலக்கோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ. என் காலடியில் இரண்டு தக்காளிப் பெட்டி, தோளில் ஒருவர் தலை. ஒவ்வொரு வேகத்தடையிலும் இரண்டு மூன்று தக்காளிகள் உருண்டு வந்து என் செருப்பை விசாரித்துவிட்டுப் போயின. ஊர் முனையில் இறங்கியதும் ஒரு பெரிய பிளெக்ஸ் வரவேற்றது. தலையில் கிரீடத்தோடு ஐந்து வயதுப் பெண் குழந்தை, பின்னணியில் ஏன் என்று தெரியாமல் ஒரு விமானம். 'எங்கள் வீட்டு இளவரசி யாழினியின் காதணி விழா.' சுற்றிலும் நாற்பது தலைகள்.

அந்த இளவரசியின் வீட்டில்தான் நாற்காலி இருந்தது. நடு வீட்டில், டிவிக்கு எதிரே. அதன்மேல் துவைத்த துணி மலையாகக் குவிந்திருந்தது. நான் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துணியாக எடுத்துக் கீழே வைத்ததைப் பார்த்து யாழினி, "அம்மா, டாக்டர் வந்து நம்ம துணிய தொட்டுப் பாக்குறாரு" என்று உள்ளே ஓடினாள்.

அம்மாவின் பெயர் கவிதா. முப்பதைத் தாண்டியிருக்கும். அம்மையார் இரண்டு வருடம் தங்கியிருந்தது கவிதாவின் அம்மா வீட்டில், அடுத்த தெருவில். ஊரை விட்டுப் போகும்போது நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டார். கவிதா இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டபோது நாற்காலியும் சீராக வந்தது. இப்போது அவளுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. பிறந்த வீட்டிலிருந்து மிஞ்சியது அந்த நாற்காலி ஒன்றுதான்.

மதியம் களி போட்டார்கள். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். நான் களியை மெல்லத் தொடங்கியதும் கவிதாவின் கணவர் மாதேஷ் பதறிப்போய், "மெல்லாதீங்க சார், அப்பிடியே முழுங்குங்க" என்றார். முழுங்கினேன். அது தொண்டையில் வழி கேட்டுக் கேட்டு இறங்கியது. இரண்டாவது உருண்டையில் பழகிவிட்டது. நான்காவது உருண்டையை நானே கேட்டு வாங்கினேன்.

மாதேஷுக்குத் தக்காளித் தோட்டம். கண்காட்சியைப் பற்றி விரிவாக விசாரித்தார்.

"அந்தம்மா கட்டடமே கட்டலீங்களா?"

"நாலு கட்டினாங்க."

"அத வெக்கலீங்களா கண்காட்சில?"

"இல்லை. அவங்க யோசனைகளை மட்டும் வைக்கிறோம்."

"செவுரே வெக்காத கொத்தனாருக்கு அஞ்சு ரூமு. நல்லா இருக்குதுங்க உங்க ஊரு" என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கவிதா தட்டை எடுக்க வந்தாள். "அண்ணா, அந்த அரை எடம் எதுக்குன்னு உங்க ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?" என்றாள். நான் சுவரில் இருந்த இரண்டு பத்தியையும் ஒப்பித்தேன். அந்நியர், கேள்வி, நகரம். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அதெல்லாம் இல்லீங்கண்ணா. அது எனக்கு. அந்தம்மா ஒக்காந்து நோட்டு எழுதையில எனக்கு ரெண்டு வயசு. சும்மா சும்மா போயி அவங்கள இடிச்சுக்கிட்டு ஏறி ஒக்காருவேனாம். எழுத வுடமாட்டேனாம். அதனாலதான் அரை ஆளுக்குச் சேத்துச் செஞ்சாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

அருங்காட்சியகத்தில் அந்தச் சுவரெழுத்து அதற்குள் அச்சாகி ஒட்டியும் ஆகிவிட்டது.

ஊரில் அந்த நாற்காலிக்கு வேறொரு வேலையும் இருந்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும். சின்னக் குழந்தை என்றால் மடி போதும். மூன்று, ஐந்து வயதுப் பிள்ளைகள் மடியில் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ஒன்றரை ஆள் நாற்காலியில் மாமன் உட்கார்ந்து, அந்த அரையில் குழந்தையைச் செருகிப் பிடித்துக்கொண்டால் தப்பிக்க வழியில்லை. முதலில் கவிதாவுக்கு அப்படிக் குத்தினார்கள். பிறகு ஊரில் எந்த வீட்டில் காதுகுத்து என்றாலும் நாற்காலி அங்கே போய் வந்தது. யாழினிக்குக் குத்தி முடித்ததும் நான் எடுத்துப் போகலாம் என்பது ஏற்பாடு. விழா நான்காம் நாள், என் பேருந்து ஐந்தாம் நாள். கணக்கு சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் அது கெட்டது. கவிதாவின் சித்தி மகன் செல்வம்தான் யாழினிக்குத் தாய்மாமன் முறை. கவிதாவுக்கு அண்ணன் என்று இருப்பது அவர் ஒருவர்தான். காரிமங்கலத்தில் ஆட்டு வியாபாரம். அவர் வரமாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டார். காரணம் பிளெக்ஸ்.

அன்று காரிமங்கலத்தில் சந்தை. விருந்துக்குக் கிடா வாங்கவும் செல்வத்தைச் சமாதானம் செய்யவும் மாதேஷ் பைக்கில் கிளம்பினார். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். வெளியூர்க்காரர் முகத்துக்காகவாவது செல்வம் இறங்கி வருவார் என்ற நம்பிக்கை. சந்தையில் ஆடுகளும் மனிதர்களும் ஒரே சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்வம் நாங்கள் வருவதைப் பார்த்துவிட்டு ஓர் ஆட்டின் பல்லை வெகு கவனமாகப் பரிசோதிக்கத் தொடங்கினார்.

"மாமா, தப்புதான். பிரிண்டிங்ல ஆயிருச்சு" என்றார் மாதேஷ்.

"என்னா தப்பு? ஒண்ணும் தப்பு இல்ல" என்றார் செல்வம் ஆட்டிடம். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க சார். நீங்க வெளிநாடு. பாரபச்சம் பாக்கமாட்டீங்க. பிளெக்ஸ்ல என் தல எங்க இருக்குது?"

எனக்கு ஞாபகம் இல்லை. அது தவறான பதில் என்று எனக்கே தெரிந்தது.

"கீழ் வரிசைல கடைசி. எனக்கு அப்புறம் மேளக்காரன் போன் நம்பரு. அந்த நம்பரு என் தலைய வுடப் பெருசு. மேல பாத்தா மாதேஷோட அண்ணன், மாதேஷோட பங்காளி, அந்தப் பங்காளியோட மச்சான். தாய்மாமன் நானா, அவனுங்களா? போயி அந்த மேளக்காரன் மடியில ஒக்கார வெச்சு குத்துங்க."

புது பிளெக்ஸ் போடுகிறேன் என்றார் மாதேஷ். நடுவில் பெரிதாகப் போடுகிறேன் என்றார். கேட்டுப் போட்ட தலைக்கு மதிப்பில்லை என்று செல்வம் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் அழைப்பிதழில் பெயரே இல்லாவிட்டாலும் மின்னஞ்சலில் ஒரு புன்னகை முகம் போட்டால் முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை.

கிடாவோடு திரும்பினோம். பைக்கில் மாதேஷ், நான், எங்கள் இருவருக்கும் நடுவில் கிடா. அது வழியெல்லாம் என் சட்டைக் காலரைத் தின்றது.

வீட்டு வாசலில் மாதேஷின் அம்மா மாதம்மாள் காத்திருந்தார். ஒல்லியான, வேகமான அம்மா. நாங்கள் முகத்தைத் தொங்கப்போட்டு வந்ததைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வரலியா? வரமாட்டான். எனக்கு அப்பவே தெரியும். அவ அம்மா வூட்டு சைடுல ஒரு தட்டு தூக்க ஆளில்ல. அஞ்சு வருசமா புள்ள காது மூளியா கெடக்குது. இருக்கறது ஒரு மாமன், அவனும் ஆட்டுப் பல்ல எண்ணிக்கிட்டு ஒக்காந்துட்டான்."

அடுப்படியில் கவிதா பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது, ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. மாமன் இல்லாமல் காது குத்தினால் நாளை முதல் தன்னை என்ன பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கு வருத்தமாக இருந்தது. அதோடு, விழா தள்ளிப்போனால் என் நாற்காலியும் தள்ளிப்போகும் என்ற சுயநலமும் இருந்தது. அதை மறைப்பானேன்.

கவிதா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அண்ணா, நீங்க ஒக்காருங்க" என்றாள்.

நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். தாய்மாமனாக அந்த நாற்காலியில் உட்காரச் சொல்கிறாள் என்று புரியச் சற்று நேரம் ஆனது.

ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"சிங்கப்பூர்."

"அது செரி. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி பெங்களூர் விமான நிலையம்."

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் மறுபடி கனைத்தார். கவிதா இடையில் புகுந்தாள்.

"எங்கம்மா வூட்டு நாற்காலியத் தேடிக்கிட்டு கடல் தாண்டி வந்திருக்காரு. கூடப் பொறந்தவன் தவிர எவன் வருவான்? இதுக்கு மேல என்ன வெசாரிக்கிறீங்க?"

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெட்டக் கிடா தயாராக இருந்தது. கிடாவைப் பார்த்தார்கள். சரி என்றார்கள்.

ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். உட்காரவேண்டும், பிடித்துக்கொள்ளவேண்டும், எழுந்திருக்கவேண்டும். அதில் என்ன இருக்கிறது? மாதம்மாள் வந்து, மாமன் சீர்த் தட்டு ஏழுக்குக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாதேஷோடு பாலக்கோட்டுக்கு ஓடினேன். ஒரு ஜோடிச் சின்னத் தோடு, பட்டுப் பாவாடை, கண்ணாடி வளையல். மூன்று தட்டுக்கு மேல் எனக்கு யோசனை வரவில்லை. நான்காவது தட்டில் வாழைப்பழம், ஐந்தாவதில் வெற்றிலை பாக்கு, ஆறாவதில் தேங்காய் வெல்லம், ஏழாவதில் மாதேஷின் தோட்டத்துத் தக்காளியையே அடுக்கினோம். மாதேஷ் தன் தக்காளியைத் தானே சீராக வாங்கிக்கொள்ளப் போவதை எண்ணி நாங்கள் இருவரும் பைக்கில் சிரித்துக்கொண்டே வந்தோம்.

நான்காம் நாள் காலை ஊர் முனையிலிருந்து சீர் புறப்பட்டது. என் தலையில் ரோஜா நிறத் தலைப்பாகை. அது கண்ணை மறைத்தது. முன்னால் மேளம், பின்னால் ஏழு பெண்கள், ஏழு தட்டு. பாதி வழியில் பின்னால் ஒரு ஹாரன் சத்தம். குட்டியானை. அதன்மேல் என் பெட்டி, ஆள் உயரத்துக்கு, நாலு பக்கமும் 'பத்திரம்' என்று சிவப்பில் எழுதப்பட்டு.

"சிங்கப்பூர் சார் பொட்டி! எங்க எறக்கறது?" என்று ஓட்டுநர் கத்தினார்.

அவ்வளவுதான். மேளக்காரர்கள் திரும்பினார்கள். தட்டுகளை மறந்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று அடித்தார்கள். நாலு பேர் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். யாரோ அதற்கு மாலை போட்டார்கள். "காலிப் பெட்டிங்க, அது காலி!" என்று நான் ஓடி ஓடிச் சொன்னேன். மேளச் சத்தத்தில் வாய் அசைந்ததுதான் தெரிந்திருக்கும். நான் பெருமையில் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்து எல்லோரும் எனக்குக் கும்பிடு போட்டார்கள். பந்தல் வாசலில் மாதம்மாள் நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு மலர்ச்சி வந்தது.

காது குத்து முதலில். நாற்காலியில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினியைக் கொண்டுவந்து அந்த அரை இடத்தில் செருகினார்கள். அச்சு வார்த்தது மாதிரி பொருந்தினாள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் அவள் என் கட்டை விரலைக் கடித்தாள். இருவரும் சேர்ந்து அலறினோம்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் காதில் கேட்டாள்: "மாமா, இன்னொரு காதும் குத்துவாங்களா?"

"ஆமா."

"அப்ப வா, ஓடிப் போயிரலாம்."

அந்த நிமிடம் நான் நிஜமாகவே எழுந்து ஓடத் தயாராக இருந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்திருந்த பிடி அப்படி. ஆனால் மாமனின் வேலை அவளைப் பிடித்து உட்காரவைப்பதுதான். இரண்டாவது காதும் ஆனது. நான் வாங்கி வந்த தோடு அவள் காதில் ஏறியது. கவிதா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டியத் தொறங்க. மாமன் கொண்டாந்தத ஊரு பாக்கட்டும்" என்றார் மாதம்மாள்.

மைக் செட்காரரிடம் திருப்புளி இருந்தது. அவர் ஒரு கையில் மைக், மறு கையில் திருப்புளியோடு ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். மூடி திறந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று நுரைப் பஞ்சு, நடுவில் ஒரு நாற்காலிக் குழி. மைக் செட்காரர் எட்டிப் பார்த்தார். மைக்கை அணைக்காமலேயே, "பொட்டி காலிங்க" என்றார். பந்தலில் ஒருமுறை, மரத்தில் கட்டிய குழாயில் ஒருமுறை, அடுத்த ஊர்வரை அது கேட்டிருக்கும்.

மாதம்மாள் குழியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அவருக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"கொண்டாந்து குடுக்கற மாமன்னு பாத்தேன். இது எடுத்துக்கிட்டுப் போவ வந்த மாமன்" என்றார்.

நாற்காலியை இரவல் தரக் கவிதா எப்போதோ ஒப்புக்கொண்டதுதான். ஊருக்கும் தெரியும். ஆனால் அது நான் சிங்கப்பூர் சாராக இருந்தபோது. தாய்மாமன் தட்டோடு வருவான், கையை வீசிக்கொண்டு போவான். தங்கச்சி வீட்டிலிருந்து சாமான் தூக்கிக்கொண்டு போகிற மாமனை இந்த ஊர் பார்த்ததில்லை. கவிதா தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் காதில் வராத ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. மேலாளரின் முகமும் ஒப்பந்தமும் நினைவுக்கு வராமல் இல்லை. நன்றாகவே வந்தன.

மைக்கை வாங்கினேன்.

"பெட்டி காலி இல்லைங்க. இது நாற்காலிக்குத்தான் செஞ்ச பெட்டி. என் தங்கச்சி இந்த நாற்காலி மேல துணியைக் குவிச்சு வைக்குது. இனிமே விசேஷம் இல்லாத நாள்ல நாற்காலி இதுக்குள்ள தூங்கட்டும். இதுதான் தாய்மாமன் சீர்."

மாதேஷும் இன்னொருவரும் நாற்காலியைத் தூக்கிக் குழிக்குள் வைத்தார்கள். ஒரு நூல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. பந்தல் முழுக்கக் கைதட்டல். மேளக்காரர்கள், யாரும் சொல்லாமலேயே, இன்னொரு சுற்று அடித்தார்கள். மாதம்மாள் பெட்டியைச் சுற்றி வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "மரம் நல்ல மரந்தான்" என்றார். அந்த அம்மாவின் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு வராது என்று மாதேஷ் என் காதில் சொன்னார்.

சாயங்காலம் கவிதா தனியாக வந்தாள். "அண்ணா, உங்க வேல?"

"பாத்துக்கலாம்" என்றேன். பயமாகத்தான் இருந்தது.

"விடியறதுக்கு முன்னாடி யாரும் பாக்காதப்ப எடுத்துக்கிட்டுப் போயிருங்க. நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

திருட்டு நாற்காலிக்குக் காப்பீடு கிடைக்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் எனக்குக் களி கிண்டினாள். விருந்து சாப்பிட்டு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. சொன்னால் கேட்கமாட்டாள் என்று சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள், மாதேஷ் என்னை "மச்சான்" என்று கூப்பிட்டுப் பேருந்து ஏற்றிவிட்டார். ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். வண்டி கிளம்பியதும் மேலாளரைக் கூப்பிட்டேன்.

"நாற்காலி உடைந்துவிட்டதா?" என்றார்.

"இல்லை. மிக நல்ல நிலையில் இருக்கிறது. பெட்டிக்குள் பத்திரமாக."

"அப்படியானால் அனுப்பு."

"பெட்டியையும் கொடுத்துவிட்டேன்."

நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அரை இடம் இரண்டு வயதுக் குழந்தை ஏறி உட்காருவதற்காக என்பதையும் சொன்னேன். பிறகு அவர் ஒரு படிவம் அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

கிருஷ்ணகிரி தாண்டும்போது படிவம் வந்தது. இரவல் தோல்வி அறிக்கை. அதில் ஒரு கேள்வி: பொருளின் உரிமையாளருக்கும் உங்களுக்கும் உறவு உண்டா? அதற்குக் கீழே மேலாளர் தனியாக எழுதியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. 'இல்லை' என்று போடு, உரிமையாளர் மனம் மாறிவிட்டார் என்று கோப்பை மூடிவிடுகிறேன், உன் ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகாது. 'ஆம்' என்று போட்டால் உறவுக்காகப் பொருளை விட்டுக்கொடுத்தாய் என்று ஆகிவிடும், என்னால் உன்னைக் காப்பாற்ற முடியாது.

'இல்லை' என்று போட்டாலும் அது பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. நான்கு நாளைக்கு முன் அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது. கட்டை விரலில் பல் பட்ட இடம் இன்னும் வலித்தது. அந்த விரலாலேயே 'ஆம்' என்பதைத் தொட்டேன்.

என்ன உறவு என்று ஒரு பட்டியல் விரிந்தது. வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு, மற்றவை. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. பள்ளியில் சேர்ந்த நாள் முதல் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். நான்காவதாக இருந்த அந்தச் சொல்லை இதுவரை தொட்டதில்லை.

தொட்டேன். அனுப்பினேன்.